பிடோஸ் சட்டிக்கு எந்த இறைச்சி? துருவமான், எல்க், ஆடு, மாடு: ஓர் ஒப்பீடு

பெப்ரவரி 6 நெருங்கினால், பிடோஸ் என்ற ஸாமிச் சூப்பை எந்த இறைச்சியில் வைப்பது என்ற ஒரே கேள்வி வெவ்வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்து சேரும். இந்த முறை மூன்று பேர் கேட்டார்கள். ஒஸ்லோவில் இருக்கும் ஒரு தங்கை, கடையில் வாங்கிய துருவமான் இறைச்சிப் பொதியைப் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, இதில் பிடோஸ் வைக்கலாமா?" என்றாள். வடக்கு நோர்வேயின் வட்சோவில் பல வருடம் இருந்துவிட்டு டொரொன்டோவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தினர், "பள்ளிக்கூடத்தில் குடித்த அந்தச் சூப்பைப் பிள்ளைகள் கேட்கிறார்கள், இங்கே அந்த மான் கிடைக்காதே" என்றார்கள். மூன்றாவது ஆள், அதே வடக்கில் ட்ரொம்சோவில் இரண்டு வருடம் படித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய ஒரு தம்பி. அவனுக்கு எல்க் என்ற பெரிய காட்டு மானும் இல்லை, துருவமானும் இல்லை. ஆட்டுக்கறிக் கடை மட்டும் தெருமுனையில் இருக்கிறது.

மூவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத் தொடங்கி, எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பிடோஸ் என்பது ஸாமி மக்களின் விருந்துச் சூப். நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகியவற்றின் வடக்கிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் பூர்வகுடிகள் அவர்கள். 1917 பெப்ரவரி 6 அன்று ட்ரொண்ட்ஹைம் நகரில் எல்சா லவுலா ரென்பெர்க் என்ற பெண்மணியின் முன்னெடுப்பில், நாட்டு எல்லைகளைத் தாண்டி முதன்முறையாகக் கூடினார்கள். அந்த நாளே 1993 முதல் அவர்களுடைய தேசிய நாள். வடக்கு நோர்வேப் பள்ளிக்கூடங்களில் அன்றைக்குப் பெரிய சட்டியில் பிடோஸ் கொதிக்கும். கல்யாணத்துக்கும் அதுதான்.

எனக்கு இந்தச் சாப்பாட்டோடு உறவு மீன் ஆலையில் தொடங்கியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் கரையோர ஆலைகளுக்கு வேலைக்கு வந்த எங்கள் ஆட்களில் நானும் ஒருத்தி. பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர் கடலோர ஸாமிப் பெண்மணி, என் அம்மா வயது. ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சூப் தந்தார். தெளிந்த சாறு, எலும்போடு இறைச்சி, உருளைக்கிழங்கு, கரட், உப்பு. மசாலா என்று ஒன்றுமே இல்லை. முதல் வாய் சப்பென்று இருந்தது. மூன்றாவது வாயில் ஏதோ பிடிபட்டது. இரண்டாவது கிண்ணம் நானே கேட்டு வாங்கினேன். "இதுதானா பிடோஸ்?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "இது ஆடு. வைக்கிற விதம் அதேதான். ஆனால் பிடோஸ் என்றால் மான் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வா, அப்போது குடிக்கலாம்."

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. வைக்கிற விதம் எந்த இறைச்சிக்கும் பொருந்தும். பெயரை மட்டும் எல்லாவற்றுக்கும் வைக்க முடியாது.

## எதை வைத்து அளப்பது?

"எந்த இறைச்சி துருவமானின் சுவைக்கு மிக அருகில் இருக்கிறது?" என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். பல வருடம் சட்டி வைத்த பிறகு எனக்குத் தோன்றுவது, அந்தக் கேள்வியை முதலில் கேட்கக்கூடாது. நான் பார்ப்பது இவற்றைத்தான்.

எலும்பு. பிடோஸில் சுவை தருவதற்கு வேறு ஒன்றும் இல்லை. இஞ்சி இல்லை, பூண்டு இல்லை, மிளகுகூடச் சில வீடுகளில் இல்லை. எலும்பும் மஜ்ஜையும் தண்ணீரில் இறங்கிக் கொடுப்பதுதான் சாறு. ஸாமி வீடுகளில் மான் அறுத்த நாளில் வைக்கும் சாப்பாட்டுக்கு மாலெஸ் என்று பெயர். அவித்த இறைச்சி, நாக்கு, ஈரல், இரத்தப் பலகாரங்கள் என்று பலவும் வரும் அந்த மேசையில் மஜ்ஜை எலும்புக்குத் தனி மரியாதை. அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான் பிடோஸ். எலும்பு இல்லாத இறைச்சியில் இதைச் செய்யப் போனால், உப்புத் தண்ணீரில் அவித்த இறைச்சிதான் கிடைக்கும்.

கொழுப்பு. துருவமான் இறைச்சி மெலிந்தது. தசைக்குள் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் சாறு தெளிவாகவும் வாய்க்கு இலேசாகவும் இருக்கும். கொழுப்புக் கூடிய இறைச்சியைப் போட்டால் மேலே எண்ணெய் மிதக்கும், ஆறினால் உதட்டில் மெழுகு போல ஒட்டும்.

நேரம். வேலை முடிந்து வந்து வைக்கிற சட்டியா, ஞாயிற்றுக்கிழமைச் சட்டியா என்பதை முதலே முடிவு செய்ய வேண்டும்.

உண்மைச் செலவு. விலைச்சீட்டில் இருக்கும் தொகை மட்டும் செலவு அல்ல. ஃப்ரீசரில் இடம், எலும்பு அறுக்க ஆள், பயணம், வீணாகும் பகுதி எல்லாம் சேர்த்தது.

யாருக்கு, என்ன பெயரில். வீட்டுப் பிள்ளைகளுக்கா, ஸாமி நண்பர்கள் வரும் விருந்துக்கா, ஊர் நிகழ்ச்சியில் அறிமுகம் செய்யவா? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நான் இதை எலும்புக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

## எலும்போடு துருவமான்

கிடைத்தால் இதற்கு மேல் ஒன்றுமில்லை. தோள், கழுத்து, விலா, காலெலும்பு. ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் மெதுவான சூட்டில் கிடந்தால் இறைச்சி எலும்பை விட்டுவிடும், சாறு பொன்னிறமாக நிற்கும். சில வீடுகளில் இதயத்தையும் துண்டு போட்டுச் சேர்ப்பார்கள். அது சாறுக்கு ஓர் ஆழம் தரும்.

சிக்கல் வாங்குவதில்தான். நோர்வேயின் ஸாமி மேய்ச்சல் பகுதிகளில் துருவமான் வளர்ப்பது ஸாமி மக்களுக்கு மட்டுமே உள்ள உரிமை. ஒவ்வொரு மானின் காதிலும் உரியவரின் வெட்டுக்குறி இருக்கும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் பெரும்பாலும் அறுப்பு. எலும்போடு வேண்டுமானால் மந்தைக்காரக் குடும்பத்திடமோ வடக்கில் இருக்கும் அறுப்பு நிலையத்திலோ கேட்க வேண்டும். அங்கே கால்வாசி, அரைவாசி என்று மொத்தமாகத் தருவதுதான் வழக்கம். ஒரு கன்றின் இறைச்சி எலும்போடு சுமார் 20 கிலோ வரும். அரைக் கன்று வாங்கினாலும் 10 கிலோ. ஒஸ்லோ அடுக்குமாடி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் சின்னத் தட்டில் அது அடங்காது. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாங்குவதுதான் நான் கண்ட வழி. வாங்கும்போதே, "எலும்பைச் சட்டிக்கு ஏற்ற அளவில் அறுத்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். உறைந்த கால் எலும்போடு வீட்டுக் கத்தி போராட முடியாது. நான் ஒரு கத்தியை அப்படித்தான் இழந்தேன்.

செர்னோபில் பற்றி இப்போதும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 1986 அணு உலை விபத்தில் வெளிவந்த கதிரியக்கச் சீசியம் நோர்வேயில் மழையோடு இறங்கி, பாறையிலும் தரையிலும் படரும் லைக்கனில் தங்கியது. மான்கள் குளிர்காலத்தில் அந்த லைக்கனைத்தான் தின்கின்றன. நடு நோர்வேயில்தான் பாதிப்பு அதிகம், ஃபின்மார்க்கில் குறைவு. அந்த வருட நவம்பரில் மான் இறைச்சியில் இருக்கலாம் என்ற கதிரியக்க எல்லையைக் கிலோவுக்கு 6000 பெக்கரெல் என்று உயர்த்தினார்கள், 1994 இல் அதை 3000 ஆகக் குறைத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே மானை அளந்து, அளவு கூடியிருந்தால் சில வாரம் சுத்தமான தீனி கொடுத்த பிறகே அறுக்கும் முறை அப்போது வந்தது. அந்த மேய்ச்சல் குடும்பங்கள் பட்ட பாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்கள் செய்யாத பிழைக்கு அவர்களுடைய சாப்பாடே சந்தேகத்துக்கு உள்ளானது. இன்று முறையான வழியில் விற்பனைக்கு வரும் இறைச்சியை வாங்க நான் தயங்குவதில்லை.

எப்போது இது சரி: கல்யாணம், தேசிய நாள், ஸாமி விருந்தினர், அல்லது வருடத்தில் ஒருமுறையாவது பிள்ளைகள் உண்மைச் சுவையை அறிய வேண்டும் என்ற விருப்பம். கொடுக்கும் காசு அந்த வாழ்க்கையை நடத்துகிற குடும்பத்துக்கே போகிறது என்பதும் எனக்குப் பெரிய காரணம்.

## சீவிய துருவமான் பொதி

ஒஸ்லோத் தங்கை வாங்கியது இதைத்தான். உறைந்த இறைச்சியை மரச்சீவல் போல மெல்லியதாகச் சீவிப் பொதியில் அடைத்து விற்பார்கள். நோர்வே முழுதும் பெரிய கடைகளில் கிடைக்கும். பழைய பெயர் "ஃபின்பிஃப்". அதில் வரும் "ஃபின்" என்பது ஸாமி மக்களை முன்பு நோர்வேக்காரர் அழைத்த சொல். ஃபின்மார்க் என்ற பெயரிலும் அதுதான் இருக்கிறது. அந்தச் சொல்லால் இகழப்பட்ட நினைவு பலருக்கு இருப்பதால், "ரெயின்ஸ்காவ்" என்று சொல்வதே நல்லது.

இதற்குள் இருப்பது துருவமான்தான், சந்தேகமில்லை. ஆனால் பிடோஸுக்கு இது ஒத்துவராது. எலும்பு இல்லை. மெல்லிய சீவல் சில நிமிடத்தில் வெந்துவிடும். ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் காய்ந்த நாராகிச் சட்டி முழுதும் பரவும். "துருவமான் போட்டேன், ஆனாலும் அந்த ருசி வரவில்லை" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பொதியை வாங்கியவர்கள்.

இதன் மறைந்த செலவும் அங்கேதான். சாறு சப்பென்று இருக்கும், உடனே கிரீம் ஊற்றத் தோன்றும். பிறகு காளான், பழுப்புச் சீஸ், ஜூனிப்பர் காய் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சேரும். கடைசியில் நல்லதொரு கிரீம் குழம்பு கிடைக்கும், அதை மசித்த உருளைக்கிழங்கோடும் லிங்கன்பெரி என்ற புளிப்புப் பழத்தோடும் சாப்பிடலாம். நோர்வே வீடுகளில் அது பிரியமான சாப்பாடு. பின்லாந்தில் இதே சீவலை வெண்ணெயில் வதக்கிப் பொரொன்கேரிஸ்டுஸ் என்று செய்வார்கள், அதுவும் அருமை. பிடோஸ் என்பது வேறு.

பொதியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு வழி உண்டு. ஆட்டெலும்போ மாட்டெலும்போ வாங்கித் தனியாக இரண்டு மூன்று மணி நேரம் சாறு எடுங்கள். வடிகட்டி, கிழங்கையும் கரட்டையும் அதில் அவித்து, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு சீவலைத் தூவுங்கள். மானின் மணம் மேலே நிற்கும். நல்ல சமாளிப்புத்தான். ஆனால் எலும்பு வாங்கிய காசையும் சாறு எடுத்த நேரத்தையும் கூட்டினால், இது மலிவான வழி இல்லை.

எப்போது இது சரி: வேலை நாள் மாலை, அரை மணி நேரம்தான் இருக்கிறது, செய்யப்போவது வதக்கல் என்று தெளிவாக இருக்கும்போது.

## எல்க்

கனடாவில் மூஸ் என்று சொல்வதும் இதுதான். இதுவும் மெலிந்த காட்டு இறைச்சி. நார் தடிப்பு அதிகம், சுவை துருவமானை விடச் சற்றுக் கரடு. ஆனால் ஒரே குடும்பத்து ருசி என்று நாக்கு உடனே சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் பலர் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நோர்வேயின் பெரும்பகுதியில் எல்க் வேட்டை செப்டெம்பர் 25 அன்று தொடங்குகிறது. அதற்குப் பிந்திய வாரங்களில் வேலையிடத்து நண்பர்கள் யாராவது பங்கு தருவார்கள். இங்கேதான் ஒரு சொல் முந்திச் சொல்லி வைக்க வேண்டும்: "எலும்பை எறியாதீர்கள், எனக்கு வேண்டும்." பலர் சதையை மட்டும் எடுத்து அரைத்துவிடுவார்கள். எல்க்கின் கால் எலும்பில் மஜ்ஜை நிறைய, ஆனால் அது பெரிய எலும்பு, இயந்திர வாள் இல்லாமல் அறுபடாது.

இன்னொரு கவனம். ஈயக்குண்டால் சுட்ட விலங்கில், காயத்தைச் சுற்றி மிக நுண்ணிய ஈயத்துணுக்குகள் சிதறியிருக்கும். காயத்தைச் சுற்றிய சதையைத் தாராளமாக வெட்டி எறிந்தார்களா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தருவதானால், ஈயமில்லாக் குண்டு பயன்படுத்திய வேட்டைக்காரரிடமிருந்து மட்டும் வாங்குங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விடவேண்டாம்; நல்ல வேட்டைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

டொரொன்டோக் குடும்பத்துக்கு: காட்டு மூஸ் உங்களுக்குக் கடையில் கிடைக்காது. வேட்டைக்குப் போகிற நண்பர் பங்கு கொடுத்தால் மட்டுமே. கடைகளில் வருவது பண்ணை மான், பெரும்பாலும் எலும்பில்லாமல் வரும். அதை வாங்கினால் சீவிய பொதிக்குச் சொன்ன அதே எலும்புப் பிரச்சினை திரும்ப வரும்.

எப்போது இது சரி: வேட்டைக்கார நண்பர் இருக்கிறார், எலும்பும் தருவார், உங்களிடம் மூன்று மணி நேரமும் இருக்கிறது.

## ஆடு

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

ஸாமி என்றதும் எல்லாருக்கும் மான் மந்தைதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் மான் வளர்ப்பில் இருப்பவர்கள் ஸாமி மக்களில் சிறு பங்குதான், பத்தில் ஒருவர் அளவு. கடலோர ஸாமி மக்கள், ஃபியோர்ட் என்ற குறுகிய கடல் நுழைவுகளின் ஓரங்களில் மீன் பிடித்தார்கள். மாடு, ஆடு வளர்த்தார்கள். வடக்கு நோர்வேயில் கோஃபியோர்டின் மன்தாலன் ஊரில் அவர்களின் செம்மறியாட்டு மயிரில் நெய்யும் கனத்த போர்வைகள் இன்றும் புகழ் பெற்றவை. ரித்து ரித்து என்ற பூர்வகுடித் திருவிழா 1991 முதல் நடப்பதும் அந்த ஊரில்தான். ஆகவே சட்டியில் ஆடு போடுவது நாங்கள் கண்டுபிடித்த மாற்றம் ஒன்றும் இல்லை. என் மீன் ஆலைத் தோழி தந்த சூப்பே அதற்குச் சாட்சி. பிடோஸ் சட்டியில் இருக்கும் உருளைக்கிழங்கும் வடக்குக்குப் பிந்தி வந்ததுதானே. 18 ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் அது நோர்வேயில் பரவியது. கிடைப்பதை வைத்து வைக்கும் பழக்கம் அந்த மண்ணில் எப்போதும் இருந்தது.

ஆடு என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு தனித்தனித் தெரிவுகள் இருக்கின்றன.

செம்மறி. நோர்வேயில் கிடைப்பது பெரும்பாலும் இது. செப்டெம்பர், ஒக்டோபரில் மலையிலிருந்து இறக்கி அறுப்பார்கள். எலும்போடு பெரிய துண்டுகளாக அப்போது மலிவாகக் கிடைக்கும். முட்டைக்கோசோடு வைக்கும் ஃபோரிகோலுக்காக வாங்கும் அதே துண்டுகள் போதும். குறை என்னவென்றால் கொழுப்பு. செம்மறியின் தனி மணம் கொழுப்பில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் உங்கள் சட்டி ஃபோரிகோல் மாதிரியே மணக்கும். வெளிக்கொழுப்பை முதலே சீவி எடுங்கள். முதல் நாள் வேகவைத்து இரவு குளிரில் வைத்தால், கொழுப்பு வெள்ளைத் தட்டாக மேலே உறையும். காலையில் கரண்டியால் எடுத்துவிட்டு, கிழங்கை அப்புறம் சேருங்கள். இந்த ஒரு வேலைதான் செம்மறிச் சூப்பைப் பிடோஸுக்கு அருகில் கொண்டுவருகிறது. அதாவது இதன் மறைந்த செலவு ஓர் இரவு.

வெள்ளாடு. சென்னைத் தம்பிக்கும், டொரொன்டோவில் நம் ஆட்களின் இறைச்சிக் கடைக்குப் போகிறவர்களுக்கும் என் முதல் பரிந்துரை இது. வெள்ளாட்டின் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள் சேர்வது, தசைக்குள் குறைவு. அதனால் சாறு தெளிவாக வரும். மானின் காட்டு வாசம் வராதுதான். ஆனால் கிண்ணத்தில் பார்க்கும்போதும் வாயில் வைக்கும்போதும் வரும் இலேசான தன்மையில், செம்மறியை விட இது கிட்ட நிற்கிறது.

கடைக்காரரிடம் கேட்கும் விதம்தான் இங்கே எல்லாம். சும்மா விட்டால் குழம்புக்கு வெட்டுவது போலச் சிறிதாகக் கொத்தித் தருவார். எலும்புச் சில் சாறில் இறங்கும், பிள்ளைகளுக்குத் தொண்டையில் குத்தும். "கழுத்து, தோள் பெரிய துண்டாக, நல்லி எலும்பு தனியாக" என்று கேளுங்கள். அன்று காலை அறுத்த இறைச்சியை உடனே சட்டியில் போட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும். ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். வடக்கில் மானிறைச்சியைக் குளிர்ந்த காற்றில் தொங்கவிடுகிறார்கள், அதே காரணம்தான்.

சென்னையில் யாராவது "மான் கறி வாங்கித் தரவா?" என்று ஆசை காட்டினால் உடனே மறுத்துவிடுங்கள். 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். மந்தையோடு நடந்து வாழ்கிற மக்களின் சாப்பாட்டை, திருட்டு வேட்டையால் செய்ய வேண்டாம்.

எப்போது இது சரி: எலும்போடு துருவமான் கிடைக்காத எல்லா நேரத்திலும். சீவிய பொதியா, எலும்போடு ஆடா என்று என்னைக் கேட்டால் ஆட்டைத்தான் சொல்வேன், யோசிக்கவே மாட்டேன்.

## மாடு

சுருக்கமாகச் சொல்கிறேன். காலின் கீழ்ப்பகுதியை எலும்போடு வட்டமாக அறுத்தது நல்ல சாறு தரும், எங்கும் கிடைக்கும். ஆனால் மூன்று மணி நேரம் வேண்டும், சாறு பசையாக வரும், மாட்டின் சுவை வேறெதையும் பேச விடாது. குடித்துப் பார்த்தால் நன்றாக வைத்த மாட்டுச் சூப் என்றுதான் தோன்றும். அதோடு எங்கள் வீடுகளில் மாடு உண்ணாதவர்கள் பலர்; விருந்துக்கு ஒரு சட்டி வைத்தால் பாதிப் பேர் கை வைக்க மாட்டார்கள். துருவமானின் சீவிய பொதிக்கு அடியில் ஊற்றும் சாறு எடுப்பதற்கு மட்டும் நான் இதைப் பயன்படுத்துகிறேன்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | எலும்பும் சாறும் | கொழுப்பு | வேகும் நேரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| எலும்போடு துருவமான் | மிகச் சிறப்பு | குறைவு | 1½–2 மணி | மொத்தமாக வாங்குதல், ஃப்ரீசர், பயணம் |
| சீவிய துருவமான் | எலும்பே இல்லை | குறைவு | சில நிமிடம் | தனிச் சாறு, கிரீமுக்கு நழுவும் ஆபத்து |
| எல்க் | சிறப்பு, எலும்பு கிடைத்தால் | குறைவு | 2½–3 மணி | எலும்பு அறுத்தல், ஈயம் பற்றிய கவனம் |
| செம்மறி | நன்று | அதிகம் | 1½–2 மணி | கொழுப்பு எடுக்க ஓர் இரவு |
| வெள்ளாடு | நன்று | குறைவு | 1½ மணி | சரியாக வெட்டி வாங்குதல், ஒரு நாள் காத்திருப்பு |
| மாட்டுக் கால் | நன்று, பசை கூடியது | நடுத்தரம் | 3 மணி | உண்ணாத விருந்தினர் |

## சட்டிக்குள் மற்றவை

6 பேருக்கு எலும்போடு ஒன்றரைக் கிலோ இறைச்சி, மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. கொதி வரும்போது நுரையை வழித்து எடுத்துவிட்டு, தீயை நன்றாகக் குறையுங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு சாறோடு கலந்து கலங்கிவிடும். குக்கர் பாவிக்கிறவர்கள் முதல் விசிலுக்குப் பிறகு மிகச் சிறு தீயில் வைத்து, தானாக ஆவி அடங்க விடுங்கள். இறைச்சி வெந்ததும் எலும்பிலிருந்து எடுத்துத் துண்டாக்கித் திரும்பப் போட்டு, ஒரு கிலோ உருளைக்கிழங்கு, நாலைந்து கரட், ஒரு வெங்காயம் சேருங்கள். இன்னும் 25 நிமிடம். சிலர் இறைச்சியை முதலில் வெண்ணெயில் சிவக்க வறுப்பார்கள், சிலர் நேராகத் தண்ணீரில் போடுவார்கள். இரண்டும் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம்.

உருளைக்கிழங்கை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வடக்கு நோர்வேயில் குல்லொயே என்ற மஞ்சள் கிழங்கு இருக்கிறது. மாவாக உதிரும், ஆனால் முழுதாகக் கரையாது. பிடோஸ் சாறுக்கு இருக்கும் மெல்லிய தடிப்பு கிழங்கின் ஓரம் கரைவதால் வருவதுதான், மாவு கரைத்து ஊற்றுவதால் அல்ல. சென்னையில் ஊட்டிக் கிழங்கும் ஊட்டிக் கரட்டும் வாங்குங்கள். புதுக்கிழங்கு வேண்டாம், அது கரையாது.

தொட்டுக்கொள்ள காக்கு ரொட்டி. கோதுமை மாவில் ஈஸ்ட்டும் கொஞ்சம் சிரப்பும் சேர்த்து, தட்டையாகத் தட்டிக் கல்லில் சுடுவது. தோசைக்கல்லே போதும்.

மசாலாவைப் பற்றி. கை தானாக இஞ்சி பூண்டுப் பக்கம் போகும், எனக்கும் போனது. ஒருமுறை மிளகும் சீரகமும் தட்டிப் போட்டேன். அருமையான எலும்பு ரசம் வந்தது, பிடோஸ் காணாமல் போனது. என் கணவருக்கு உறைப்பு இல்லாமல் இறங்காது. அவருக்கு மேசையில் ஊறுகாய் வைப்பேன். சட்டிக்குள் உப்பைத் தவிர எதையும் விடமாட்டேன்.

## பெயர்

முதலில் சொன்ன கடைசி அளவுகோல் இது. நோர்வே அரசு 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நூறு வருடத்துக்கு மேல், பள்ளிக்கூடங்களில் ஸாமிப் பிள்ளைகளின் மொழியை ஒடுக்கி அவர்களை நோர்வேக்காரராக்க முயன்றது. பாராளுமன்றம் அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2023 ஜூனில்தான் அதைப் பற்றிய தன் அறிக்கையைக் கையளித்தது. என் தோழி பள்ளிக்கூடத்தில் தன் மொழியைப் பேசாமல் மறைத்து வளர்ந்தவர். மொழியின் பெயரால் பட்டது என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே அவர்களுடைய சாப்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரை நான் கவனமாகத்தான் எடுத்து வைக்கிறேன்.

வீட்டில் ஆட்டில் வைத்தால் "பிடோஸ் முறையில் ஆட்டுச் சூப்" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்வார்கள். ஊர் நிகழ்ச்சியில் மேசையில் பெயர் எழுதி வைக்கிறீர்கள் என்றால், "பிடோஸ்" என்ற தனிச் சொல்லை எலும்போடு துருவமான் இருக்கும் சட்டிக்கு மட்டும் எழுதுங்கள். ஸாமி விருந்தினருக்கு ஆட்டுச் சட்டியைக் காட்டி, "இது உங்கள் முறையில் வைத்த எங்கள் ஆடு" என்று நான் சொன்னபோதெல்லாம் மகிழ்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

## கேட்ட மூவருக்கும்

ஒஸ்லோத் தங்கைக்கு: கையில் இருக்கும் பொதியை இன்று மாலை வெண்ணெயில் வதக்கிச் சாப்பிடுங்கள். 6 ஆம் தேதிக்கு எலும்போடு செம்மறித் தோள் வாங்கி, 5 ஆம் தேதி இரவே வேகவைத்து வையுங்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் மூன்று குடும்பமாகச் சேர்ந்து வடக்கிலிருந்து ஒரு கன்று எடுப்போம், நானும் ஒரு பங்கு.

டொரொன்டோவுக்கு: எலும்பில்லாப் பண்ணை மானுக்குக் காசு கொடுக்க வேண்டாம். வெள்ளாடு, கழுத்தும் தோளும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் குடித்ததை இப்போதும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், இது வேறு இறைச்சி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். முதலே சொல்லிவிடுங்கள்.

சென்னைத் தம்பிக்கு: சனிக்கிழமை காலை கடைக்குப் போய் நல்லியும் கழுத்தும் பெரிய துண்டாக வாங்கி, ஒரு நாள் குளிரில் வை. ஞாயிறு அடுப்பில் ஏற்றும்போது அம்மா பக்கத்தில் வந்து, "மஞ்சளாவது போடேன்" என்பார். போடாதே. முதலில் ஒரு கிண்ணம் வெறும் உப்போடு அவருக்குக் கொடு, மூன்றாவது வாய்வரை பொறுக்கச் சொல்.